கவுன்டரில் எத்தனை லட்சுமி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனைகள் கணினிமயமாவது பற்றி வரும் செய்திகளில் எத்தனை கோடி செலவு, எத்தனை கணினி, யார் திறந்து வைத்தார் என்பதெல்லாம் இருக்கிறது. அந்தத் திரையில் ஒரு பெயரைத் தேடி எடுக்க எத்தனை நொடி ஆகிறது என்பது மட்டும் இருப்பதில்லை. நோயாளிக்கு நல்லதோ கெட்டதோ பல நேரம் அந்த நொடிகளில்தான் தொடங்குகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்; கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

குடியாத்தத்திலிருந்து வருகிற லட்சுமி, வயது 45 என்று வைத்துக்கொள்வோம். ஓ.பி. சீட்டு போடுபவர் பெயரை ஆங்கிலத்தில் அடிக்கிறார். போன முறை வேறொருவர் நடுவில் எக்ஸ் போட்டு அடித்திருப்பார். அதற்கு முந்தைய முறை இன்னொருவர் 'லெட்சுமி' என்று காதில் விழுந்தபடி அடித்திருப்பார். எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் பழைய பதிவைக் காட்டும் சாஃப்ட்வேராக இருந்தால் 'ரெக்கார்டு இல்லை' என்று வரும். பின்னால் எழுபது பேர் வரிசையில் நிற்கிறார்கள். பழையதைத் தேட நாலு திரை மாற வேண்டும், புது நம்பர் போட ஒரே பொத்தான் போதும் என்றால் உட்கார்ந்திருப்பவர் எதைச் செய்வார்? புது நம்பர்தான். இப்போது லட்சுமிக்கு மூன்று நம்பர். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று எப்போதோ எழுதியது முதல் நம்பரில் கிடக்கிறது. சர்க்கரை மாத்திரை விவரம் இரண்டாவதில். இன்றைக்கு மருத்துவர் திறப்பது மூன்றாவதை. அதில் எல்லாக் கட்டமும் காலி. காலியாக இருக்கும் கட்டத்தை 'ஒன்றும் இல்லை' என்றுதான் யாரும் படிப்பார்கள்.

நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். வெளிநாட்டு வழக்கத்தை வைத்து எழுதிய சாஃப்ட்வேர் 'கடைசிப் பெயர்' இல்லாமல் அடுத்த திரைக்கு விடாது. அந்தக் கட்டத்தில் ஒருவர் இனிஷியலைப் போடுவார், ஒருவர் அப்பா பெயரை, அவசரத்தில் ஒருவர் வெறும் புள்ளியை. கல்யாணமானால் சில பெண்களுக்கு இனிஷியலே மாறிவிடும். மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வேலூருக்கு வைத்தியத்துக்காக வருகிறவர்களிடம் சிக்கல் வேறு மாதிரி. அங்கே முகமது என்பதை 'எம்.டி.' என்று சுருக்கிப் பெயருக்கு முன்னால் எழுதும் வழக்கம் பரவலாக உண்டு. அதை மருத்துவப் பட்டம் என்று யாராவது நினைத்தால் சிரித்துவிட்டுப் போகலாம். கணினி அதையே முதல் பெயராக எடுத்துக்கொண்டு நூற்றுக்கணக்கானவர்களை ஒரே இடத்தில் அடுக்கும்போது சிரிக்க முடியாது. பிறந்த தேதியும் அப்படித்தான். தேதி தெரியாதவர்கள் நம் பக்கத்தில் இன்னும் ஏராளம். தேதி போட்டால்தான் ஆயிற்று என்று சாஃப்ட்வேர் அடம் பிடித்தால் ஜனவரி 1 என்று விழும். பிறகு பார்த்தால் ஊரில் பாதிப் பேர் புத்தாண்டன்று பிறந்தவர்கள்!

செல்போன் நம்பரை வைத்துத் தேடலாமே என்பார்கள். அது பெரும்பாலும் மகனுடைய நம்பர். அப்பா, அம்மா, அத்தை மூவருக்கும் அதுதான். ஆகவே ஒன்றை மட்டும் நம்பாமல், ஒலிப்பை வைத்துப் பெயர் தேடுவது, ஊர், அப்பா அல்லது கணவர் பெயர், செல்போனின் கடைசி நாலு இலக்கம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் எந்த வரிசையில் அடித்தாலும் ஏற்றுக்கொள்ளும்படி தேடல் இருக்க வேண்டும். பொருந்துகிற ஐந்தாறு பேரைப் புகைப்படத்தோடு காட்ட வேண்டும். புது நம்பர் போடும் பொத்தான், தேடி முடித்த பிறகுதான் திறக்க வேண்டும். மத்திய அரசின் மருத்துவக் கணக்கான 14 இலக்க ஆபா எண், கர்ப்பிணிகளுக்கான 12 இலக்க ஆர்.சி.எச். எண் எல்லாம் இதற்கு உதவும். ஆனால் 14 இலக்கத்தைக் கையால் அடிக்கச் சொன்னால் எங்காவது ஒன்று புரளும். க்யூ.ஆர். ஸ்கேனர் கவுன்டரில் இருந்தால் அந்த வேலையே இல்லை. மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-ல் இதே வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கியபோது நோயாளியை அடையாளம் காண நம்பர் தேவைப்பட்டிருக்காது. இன்றைய கூட்டத்தில் அது முடியாது.

அடுத்தது மருந்து. சீட்டு எழுதும் திரையில் ஆங்கிலத்தில் 'கார்ப்' என்று நாலு எழுத்து அடித்தால் கார்பிமசோலும் வரும், கார்பமசபினும் வரும். முதலாவது தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கு, இரண்டாவது வலிப்புக்கு. இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக, சின்ன எழுத்தில், ஒரே நிறத்தில் நிற்கும். மவுஸ் ஒரு வரி வழுக்கினால் போதும். இதற்குத் தீர்வு சுலபம்: ஐந்தாவது எழுத்து அடிக்கும் வரை பட்டியலே விரியக் கூடாது, பெயரில் வேறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தில் காட்ட வேண்டும், பக்கத்திலேயே 'தைராய்டு', 'வலிப்பு' என்று ஒரு சொல் இருக்க வேண்டும். சாஃப்ட்வேர் எழுதுபவருக்கு இது ஒரு நாள் வேலை. யாரும் கேட்காததால் செய்வதில்லை.

மெத்தோட்ரெக்சேட் இன்னும் ஆபத்து. முடக்குவாதத்துக்கு அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். மற்ற மாத்திரைகளைப் போலவே இதற்கும் 'தினம் ஒருமுறை' என்பதை கணினி தானாக நிரப்பி வைத்திருந்தால், மருத்துவர் கவனித்து மாற்றாத ஒரு சீட்டு போதும். தினமும் சாப்பிட்டால் முதலில் வாயெல்லாம் புண்ணாகும், பிறகு எலும்பு மஜ்ஜை அடங்கி வெள்ளணுக்கள் விழும், உயிரே போகலாம். அமெரிக்காவில் மருந்துத் தவறுகளைக் கவனிக்கும் ஐ.எஸ்.எம்.பி. என்ற அமைப்பு, இந்த மாத்திரைக்கு 'வாரம் ஒருமுறை' என்பதே தானாக வர வேண்டும் என்கிறது. நம் ஊருக்கு இன்னொன்றும் சேர்க்க வேண்டும்: சீட்டில் தமிழில் 'ஞாயிற்றுக்கிழமை மட்டும்' என்று கிழமை பெயர் அச்சாக வேண்டும். 1-0-0 என்று அச்சானால் அது தினமும் காலையில் என்றுதான் வீட்டில் புரியும். சித்தூர் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தெலுங்கிலும், வங்காளத்திலிருந்து வருகிறவர்களுக்கு வங்காளியிலும் அதே வரி வர வேண்டும். யூனிகோடு வந்து இத்தனை வருடம் ஆன பிறகும் 'பிரின்டரில் தமிழ் வராது' என்பது சாக்கு.

திரையால் மருந்து எப்படிப் பெருகும் என்பதற்கு 2013-ல் சான் பிரான்சிஸ்கோ நகரத்து மருத்துவமனை ஒன்றில் நடந்ததை அந்தத் துறையில் எல்லாரும் அறிவார்கள்; பிறகு வெளிப்படையாகவே எழுதப்பட்டது. நோயாளி 16 வயதுப் பையன், எடை 38.6 கிலோ. அவனுக்கான மருந்து அளவு, கிலோவுக்கு 5 மி.கி. கணக்கில் 193 மி.கி. என்று வந்தது. கையில் இருந்தது 160 மி.கி. மாத்திரை. ஆகவே 160 என்று மாற்றி எழுதும்படி மருந்தாளுநர் கேட்டார். மருத்துவரும் 160 என்று அடித்தார். ஆனால் அந்தக் கட்டத்தின் அலகு 'மி.கி.' என்று இல்லை. 'ஒரு கிலோவுக்கு மி.கி.' என்று இருந்தது. 160-ஐ 38.6-ஆல் கணினி பெருக்கியது. ஒரு மாத்திரைக்குப் பதில் 38½ மாத்திரை. அதிக அளவு என்று எச்சரிக்கை வந்தது; மருத்துவர் தள்ளிவிட்டார், மருந்தாளுநரும் தள்ளிவிட்டார். எந்திரம் பொட்டலம் கட்டியது. நர்ஸ் பார்கோடு ஸ்கேன் செய்தார். மருத்துவர் கணினியில் எழுதிய உத்தரவில் இருந்ததும் 38½ என்பதால் கணினி 'சரி' என்றது. பையனுக்கு வலிப்பு வந்தது, நல்லவேளை பிழைத்துக்கொண்டான். இதில் யாரும் சோம்பேறி இல்லை. தவறுக்குக் காரணம் அளவுக் கட்டத்தின் பக்கத்தில் இருந்த சின்ன அலகு, அப்புறம் யாரும் படிக்காத எச்சரிக்கை.

இந்த எச்சரிக்கைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாராசிட்டமாலுக்கும் திரையில் ஒரு எச்சரிக்கைப் பெட்டி, வைட்டமினுக்கும் ஒரு பெட்டி, எல்லாமே ஒரே மஞ்சள் நிறத்தில், எல்லாவற்றுக்கும் 'ஓகே' பொத்தான் ஒரே இடத்தில். பத்தாவது பெட்டியிலிருந்து கை தானாக அழுத்தும், கண் படிக்காது. மருந்து எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை தள்ளிவிடப்படுவதாக 2006-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. ஆகவே எச்சரிக்கையைக் கூட்டுவது பாதுகாப்பு ஆகாது. உயிரைப் பறிக்கக்கூடியவற்றுக்கு மட்டும் திரையை நிறுத்தி, 'ஏன் தருகிறீர்கள்' என்று ஒரு வரி எழுதினால்தான் நகரும்படி செய்யலாம். மற்றவை ஓரத்தில் ஒரு குறியாகக் கிடந்தால் போதும்.

கணினியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மருந்து கொடுக்கும் முன் கட்டிலருகே பார்கோடு ஸ்கேன் செய்யும் முறை வந்த பிறகு, நேரம் தப்புவதைத் தவிர்த்த மற்ற தவறுகள் 41 சதவீதம் குறைந்ததாக 2010-ல் பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் ஆய்வு சொல்கிறது. இதற்கு மறுபக்கம் பிட்ஸ்பர்க் நகரக் குழந்தைகள் மருத்துவமனை. அங்கே கணினியில் உத்தரவு எழுதும் முறையை அவசரமாகக் கொண்டுவந்த பிறகு, வெளியிலிருந்து மாற்றி அனுப்பப்பட்ட குழந்தைகளின் இறப்பு 2.80-லிருந்து 6.57 சதவீதமாக ஏறியதாக 2005-ல் எழுதினார்கள். முன்பெல்லாம் குழந்தை ஆம்புலன்சில் வந்துகொண்டிருக்கும்போதே மருந்தை எடுத்து வைத்துவிடுவார்கள். புது முறையில் குழந்தை வந்து பதிவாகாமல் உத்தரவே போட முடியாது. கட்டிலருகே நிற்க வேண்டிய ஆளும் திரைக்குப் போய்விட்டார். அடுத்த வருடமே சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையின் அறிக்கை வந்தது: அதே நிறுவனத்தின் சாஃப்ட்வேர்தான், இறப்பு கூடவில்லை. அவசரத்துக்கு வேண்டிய உத்தரவுகளை முன்கூட்டியே தொகுத்து வைத்திருந்தார்கள்.

நம் ஓ.பி. கணக்குக்கு வருவோம். காலை 8 முதல் 12 வரை ஒரு மருத்துவர் 100 பேரைப் பார்க்கிறார் என்றால் ஆளுக்கு 2 நிமிடம் 24 நொடி. புது சாஃப்ட்வேர் ஒரு நோயாளிக்கு 45 நொடி கூடுதலாகக் கேட்டால் மொத்தம் 75 நிமிடம். இந்த 75 நிமிடம் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதிலிருந்தும், 'வேற ஏதாவது இருக்காம்மா?' என்ற கேள்வியிலிருந்தும்தான் வெட்டப்படும். நேரத்தை மிச்சம் பிடிக்க 'எல்லாம் நார்மல்' என்று ஒரே கிளிக்கில் நிரப்பும் பொத்தான் வைப்பார்கள். அது வந்தால், சர்க்கரை நோயால் ஒரு காலை எடுத்தவருக்கும் 'இரு கால்களிலும் நாடித்துடிப்பு சரி' என்று அச்சாகும். அடுத்த மருத்துவர் அதைத்தான் படிப்பார்.

வார்டில் நிலைமை வேறு. 30 கட்டில், இரவில் இரண்டு சிஸ்டர், ஒரே கணினி. இரண்டு நிமிடம் தொடாவிட்டால் தானாக வெளியேறிவிடும். மறுபடி லாகின் செய்ய 40 நொடி. உள்ளே போனால் பழைய நோயாளியின் பக்கம் இருக்காது, முதலிலிருந்து தேட வேண்டும். என்ன நடக்கும்? ஒருவர் லாகினில் எல்லாரும் எழுதுவார்கள். பத்து மணி ஊசியைப் பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து பத்து மணி என்றே பதிவார்கள். அதிகாரிகள் சுற்றறிக்கை அனுப்பி இதை நிறுத்த முடியாது. அடையாள அட்டையைத் தட்டினால் இரண்டு நொடியில் திறந்து, விட்ட இடத்திலேயே நிற்கும்படி செய்தால் தானாக நிற்கும். எந்தத் திரைக்குப் போனாலும் மேலே ஒரே இடத்தில் பெயர், வயது, நம்பர், எடை, ஒவ்வாமை மாறாமல் நிற்க வேண்டும். இரண்டு நோயாளிகளின் பக்கம் ஒரே நேரத்தில் திறந்திருக்க விடவே கூடாது. ஒருவரின் உத்தரவு இன்னொருவருக்குப் போவது அப்படித்தான்.

ரத்தம் எடுப்பதில் சாஃப்ட்வேரைவிட ஸ்டிக்கர் முக்கியம். பத்து நோயாளிகளுக்கான ஸ்டிக்கரை நர்சிங் ஸ்டேஷனில் மொத்தமாக அச்சடித்து டிரேயில் வைத்துக்கொண்டு போனால், ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் போவது என்றைக்காவது நடக்கும். ரத்த குரூப் பரிசோதனையில் அது நடந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. சின்ன பிரின்டரை வண்டியில் வைத்து, கட்டிலருகில் கைப்பட்டையை ஸ்கேன் செய்தால்தான் ஸ்டிக்கர் வர வேண்டும். ஸ்கேன் செய்வதற்கு முன் 'அம்மா, உங்க பேரு என்ன?' என்று கேட்க வேண்டும், 'நீங்கதானே லட்சுமி?' என்று கேட்டால் அரைத் தூக்கத்தில் யாரும் 'ஆமா' என்பார்கள். ரத்தம் எடுத்ததும், அந்தக் கட்டிலை விட்டு நகரும் முன்பே குழாயில் ஒட்டிவிட வேண்டும். ஒட்டுவதிலும் ஒரு வகை உண்டு. பார்கோடு குழாயின் நீளவாக்கில் நேராக இருக்க வேண்டும். வளையல் மாதிரி சுற்றி ஒட்டினால் கோடுகள் வளைவில் மறைந்து லேப் எந்திரம் படிக்காது. அப்போது லேபில் நம்பரைக் கையால் அடிப்பார்கள், அங்கே இன்னொரு தவறு. ஸ்டிக்கரிலேயே மூடியின் நிறமும் அளவும் இருந்தால் புதிதாகச் சேர்ந்த சிஸ்டரும் தடுமாற மாட்டார். ரத்தம் உறையும் நேரம் பார்க்கும் நீல மூடிக் குழாயில் கோடு வரை நிரம்ப வேண்டும். குழாயில் ஏற்கெனவே இருக்கும், ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு ரத்தம். குறைவாக எடுத்தால் ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று சொல்லும் ஐ.என்.ஆர். அளவு உண்மையைவிட அதிகமாகக் காட்டும், அதை நம்பி ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரையைக் குறைப்பார்கள்.

டோக்கனும் ரிப்போர்ட்டும் தெர்மல் தாளில் வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலூர் வெயிலில், சட்டைப் பை வியர்வையில், பிளாஸ்டிக் கவருக்குள் அந்த எழுத்து மங்கிவிடும். வரிசை நம்பருக்கு அது போதும். அடுத்த வருடம் காட்ட வேண்டிய ரிப்போர்ட்டுக்கு லேசர் பிரின்டர்தான்.

சர்வர் படுத்தால்? 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளை இணையத் தாக்குதல் முடக்கியபோது, நாட்டின் பெரிய மருத்துவமனையே பல நாள் கையால் எழுதியது. அதனால் ஒவ்வொரு வார்டிலும் ஒரு பெட்டி தயாராக இருக்க வேண்டும்: நம்பர் முன்கூட்டியே அச்சிட்ட தற்காலிகப் பதிவுச் சீட்டு 50, மருந்துப் படிவம், லேப் படிவம், கார்பன் தாள், பேனா. பேனா என்றால் சிரிப்பார்கள். அந்த நேரத்தில் தேடிப் பாருங்கள், கிடைக்காது. ஒரு கணினியாவது யு.பி.எஸ்.ஸோடு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லா நோயாளிகளின் மருந்துப் பட்டியலையும் தன்னிடமே சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும். நெட்வொர்க் போனாலும் அதிலிருந்து அச்செடுக்கலாம். சர்வர் திரும்பிய பிறகு கையால் எழுதியதை யார், எத்தனை மணிக்குள் ஏற்றுவது என்பதும் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

டெண்டர் எழுதும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். 'பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும்' என்ற வரியால் ஒன்றும் ஆகாது. அதை எந்த நிறுவனமும் 'ஆம்' என்று டிக் அடிக்கும். பதிலாக இப்படி எழுதுங்கள்: பழைய நோயாளியை 15 நொடிக்குள் தேடி எடுக்க முடிய வேண்டும், ஐந்து மருந்துள்ள சீட்டை 60 நொடிக்குள் முடிக்க வேண்டும், நம் மருத்துவமனையின் ஓ.பி. பதிவாளர், இரவு டியூட்டி சிஸ்டர், மருந்தாளுநர், பயிற்சி மருத்துவர், லேப் டெக்னீஷியன் என்று ஐந்து பேர், நம் கணினியில், நம் நெட்வொர்க்கில், கையில் ஸ்டாப் வாட்சோடு சோதித்த பிறகே பணம். பிரிவுத் தலைவர்களை குளிரூட்டிய அறையில் உட்கார வைத்து டெமோ காட்டுவது சோதனை ஆகாது. அவர்கள் அந்தத் திரையை மறுபடி தொடப்போவதில்லை. ஐந்தே பேர் போதுமா என்று கேட்கலாம். ஒரே மாதிரி வேலை செய்யும் ஐந்து பேர் முயன்றாலே பெரும்பாலான தடங்கல்கள் தெரிந்துவிடும் என்பது இந்தத் துறையில் நெடுநாள் அனுபவம். வேலை வேறாக இருந்தால் ஒவ்வொரு வேலைக்கும் இன்னும் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; செலவு ஒரு டீ, ஒரு மதியம்.

நோயாளிகளும் ஒன்று செய்யலாம். ஓ.பி. சீட்டு வாங்கியதும் கவுன்டரை விட்டு நகரும் முன் பெயர், வயது, ஊர், நம்பர் சரியா என்று பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய சீட்டில் இருப்பதும் புதுச் சீட்டில் இருப்பதும் வேறு நம்பர் என்றால் இரண்டையும் எடுத்துக்கொண்டு மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்குப் போய் இணைக்கச் சொல்லுங்கள். கவுன்டரிலேயே அவசரமாக இணைக்க விடாதீர்கள். வேறொரு லட்சுமியோடு இணைத்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு. இரண்டு பேர் சரிபார்த்து, அடையாள அட்டையைப் பார்த்து, ரத்த குரூப் ஒத்துப்போகிறதா என்றும் பார்த்த பிறகுதான் இணைக்க வேண்டும்.

இப்படிக்கு,
மருத்துவப் பதிவேட்டுப் பணியாளர்கள் சிலர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.